எடுத்த படத்தை எடுக்கப்பட்டவர்களிடம் கொண்டுபோனவர்

“எந்தப் பட நிறுவனத்தையும் சாராமல் படமெடுக்கும் ஒரு கல்வியாளரால், சினிமாவைக் கொண்டு மனக்காயங்களை ஆற்றவும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் முடியும் என்கிறார்கள். இது நடக்கிற காரியமா, இல்லை விருது மேடைக்கான பேச்சா?” என்பது கேள்வி.

நடக்கிற காரியம்தான், ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது நடப்பதில்லை. கதை உருக்கமாக இருப்பதாலோ அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதாலோ படத்தில் இருப்பவரின் காயம் ஆறுவதாக நான் நம்பவில்லை. யாரைப் படம் பிடித்தார்களோ அவர்கள் அந்தப் படத்தைத் தாங்களே பார்த்து, அதைப் பற்றிப் பேசவும் மறுக்கவும் திருத்தச் சொல்லவும் இடம் கிடைக்கும்போதுதான் ஏதோ ஒன்று அசைகிறது. இதை வெறும் கொள்கையாகச் சொல்லிவிட்டுப் போகாமல், வாழ்நாள் முழுவதும் இதைச் செய்தும், சில இடங்களில் செய்யத் தவறியும் பார்த்த ஒருவரை வைத்து விளக்குகிறேன். பிரெஞ்சு மானுடவியலாளர் ழான் ரூஷ், 1917-இல் பிறந்து 2004-இல் இறந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கேமராவைத் தானே தோளில் சுமந்தவர்.

அவர் படித்தது கட்டடப் பொறியியல். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-இல், மேற்கு ஆப்பிரிக்காவில் பிரான்சின் காலனியாக இருந்த நைஜருக்குச் சாலை போடும் வேலையை மேற்பார்க்கப் போனார். அங்கே ஒருநாள் இடி விழுந்து அவரிடம் வேலை செய்த தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். இடிக்கு அதிபதியான தோங்கோ என்னும் தெய்வத்தின் கோபம் அது என்றும், சடங்கு செய்யாமல் அந்த இடத்தில் மண்வெட்டி எடுக்க முடியாது என்றும் ஊரார் சொன்னார்கள். அவரிடம் வேலை பார்த்த தமூரே ஸிக்கா என்ற இளைஞர் தம் பாட்டியை அழைத்துவந்தார். அந்த மூதாட்டி நடத்திய சடங்கைப் பார்த்த பொறியாளர், பாலம் கட்டுவதை விட்டுவிட்டு மானுடவியலுக்குத் திரும்பினார். பிற்காலத்தில் சுகாதாரப் பணியாளராகவும் நாட்டு வைத்தியராகவும் இருந்த தமூரே, ரூஷின் படங்களில் நடித்தார், ஒலி பதிவு செய்தார், அறுபது ஆண்டுகள் அவருக்கு நண்பராக இருந்தார். ஆக, ஆற்றுதல் என்பதை ரூஷ் முதன்முதலில் கற்றது பல்கலைக்கழகத்தில் அன்று, ஒரு பாட்டியிடம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தான் போய் இன்னொருவரைக் குணப்படுத்தப் போகிறோம் என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது, அதன் பக்கத்தில் கேமராவை வைத்துக்கொள்ள முடியுமா என்றுதான் பார்த்தார்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். 1951-இல் நைஜர் ஆற்றின் கரையில் அயோரு என்ற ஊரைச் சேர்ந்த சொர்க்கோ மீனவர்கள் நீர்யானை வேட்டையாடியதை அவர் படம் பிடித்தார். சில ஆண்டுகள் கழித்து, முடிந்த படத்தையும் ஒரு புரொஜெக்டரையும் எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போய், வெள்ளைத் துணியைக் கட்டி, வேட்டைக்காரர்களுக்கே போட்டுக் காட்டினார். சினிமா என்றால் என்னவென்று அதுவரை அறியாத கூட்டம் அது. துணியில் தெரிவது தாங்கள்தான் என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குச் சில நொடிகளே ஆயின. படம் பிடித்ததற்கும் காட்டியதற்கும் இடைப்பட்ட காலத்தில் இறந்துபோனவர்கள் திரையில் நடமாடியதைக் கண்டு பலர் அழுதார்கள். திரும்பப் போடச் சொன்னார்கள். மறுபடியும் போடச் சொன்னார்கள். அழுகை அடங்கியபின் விமர்சனம் தொடங்கியது.

அந்த விமர்சனம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீர்யானையைத் துரத்தும் காட்சிக்கு, விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று, வேட்டைக்காரர்களின் சொந்தப் பாட்டையே பின்னணி இசையாகச் சேர்த்திருந்தார் ரூஷ். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேட்டையில் ஓசை படக்கூடாது, இத்தனை சத்தம் போட்டால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் நீர்யானை கேட்டு ஓடிவிடாதா என்று கேட்டார்கள். நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ரூஷ் சிரிக்கவில்லை, இசையை எடுத்துவிட்டார். பின்னணி இசையின் மீது அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த சந்தேகம் அன்று தொடங்கியது. முதுநிலை ஆய்வாளர்கள் யாரும் சொல்லாத திருத்தத்தை, எழுத்தறியாத மீனவர்கள் சொன்னார்கள் என்பதோடு, அதன்படி படமும் மாறியது. ‘பகிர்ந்துகொள்ளும் மானுடவியல்’ என்று பிற்காலத்தில் அவர் பெயரிட்ட முறை முழுவதும் இந்த ஒரு மாலை நேரத்தில் அடங்கியிருக்கிறது. சேர்த்துக்கொள்ளுதல் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நேரான பொருளும் இதுவே: ஒருவரைத் திரையில் காட்டுவது எளிது, அவர் பேச்சைக் கேட்டுப் படத்தை வெட்டுவதுதான் கடினம்.

அதே படத்தை அவர் அக்ராவிலும் காட்டினார். இன்றைய கானாவின் தலைநகரான அக்ரா அப்போது கோல்ட் கோஸ்ட் என்ற ஆங்கிலேயக் காலனியில் இருந்தது. நைஜர்ப் பகுதியிலிருந்து பிழைக்கப் போய் அங்கே கூலி வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஹௌக்கா என்ற வழிபாட்டுக் கூட்டத்தினர் இருந்தார்கள். படத்தைப் பார்த்த அந்தக் கூட்டத்தின் பூசாரிகள், எங்கள் சடங்கையும் எடுங்கள் என்று ரூஷை அழைத்தார்கள். 1954-இல் ஒரே நாளில் எடுக்கப்பட்ட அந்தப் படம்தான் ‘பித்தேறிய எசமானர்கள்’. அவர் கையில் இருந்தது சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா, ஏறக்குறைய 25 நொடிக்கு ஒருமுறை மறுபடி சாவி கொடுக்க வேண்டும். எனவே ஒரு காட்சிகூட அதற்கு மேல் நீளாது.

சாமியாட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சடங்கின் வெளிவடிவம் புதிதல்ல. உடல் விறைக்கிறது, மூச்சு மாறுகிறது, வாயில் நுரை தள்ளுகிறது, வந்திருப்பது யார் என்று கேட்கிறார்கள். ஆனால் அங்கே வந்து இறங்குவது மாடனோ காளியோ இல்லை. கவர்னர் இறங்குகிறார், ராணுவ ஜெனரல் இறங்குகிறார், ரயில் எஞ்சின் ஓட்டுநர் இறங்குகிறார், டாக்டரின் மனைவி இறங்குகிறார். மரத்துப்பாக்கியோடு அணிவகுக்கிறார்கள், ஒருவரையொருவர் அதட்டுகிறார்கள், பலியிட்ட நாயைப் பச்சையாகத் தின்பதா சமைத்துத் தின்பதா என்று வட்டமேசை மாநாடு போடுகிறார்கள். கவர்னர் சிலையின் தலையில் ஒரு முட்டையை உடைக்கிறார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக அது வழிகிறது. உடனே படம் வெட்டிப் போய், உண்மையான கவர்னர் அணிவகுப்பில் இறகுக் குஞ்சம் வைத்த தொப்பியோடு நிற்பதைக் காட்டுகிறது. இந்த ஒரு வெட்டு சொல்வதைக் காலனியத்தைப் பற்றிய ஒரு முழு நூல்கூடச் சொல்லுமா என்பது சந்தேகம்.

மறுநாள் காலை ரூஷ் அவர்களைத் தேடிப் போகிறார். அக்ராவின் மனநல மருத்துவமனைக்கு முன்னால் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் புன்னகை. நேற்று வாயில் நுரை தள்ளியவர் இன்று நல்ல வேலையாள் என்று மேஸ்திரியிடம் பெயர் வாங்கியவர். ரூஷ் தம் குரலில், மனநோய்க்கு ஆளாகாமல் இந்த வாழ்க்கையைத் தாங்கிக்கொள்ள, நமக்கு இன்னும் தெரியாத ஏதோ ஒரு மருந்து இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது போலும் என்ற பொருளில் பேசிப் படத்தை முடிக்கிறார்.

இந்த முடிவைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. காட்டுமிராண்டித்தனம் என்று ஐரோப்பியர் ஒதுக்கிய ஒன்றை மருத்துவம் என்று பெயரிட்டு அழைக்க 1950-களில் துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த மருந்து யாருக்காக வேலை செய்கிறது? ஞாயிற்றுக்கிழமை வெறியைக் கொட்டிவிட்டுத் திங்கட்கிழமை ஒழுங்காகக் குழி தோண்டப் போகிறார் என்றால், நோயாளி குணமானார் என்பதைவிட, நோயைத் தந்த ஆட்சிக்கு ஒரு குறையும் வரவில்லை என்றுதானே ஆகிறது? ஹௌக்காவை எதிர்ப்பின் வடிவமாகப் பார்த்தவர்கள் ரூஷின் கடைசி வாசகத்தைப் பொறுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். மனக்காயம் ஆற்றுவது என்று பேசுகிற எந்தத் திட்டத்திலும் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒருவரை அவருடைய சூழலோடு ஒத்துப்போகச் செய்வதும் அவரைக் குணப்படுத்துவதும் ஒன்றாகிவிடாது.

படத்தின் கதி இன்னும் மோசம். பாரிஸில் மானுட அருங்காட்சியகத்தில் போட்டுக் காட்டியபோது, அவருடைய ஆசிரியர் மார்செல் கிரியோல் கொதித்துப்போய், படத்தை அழித்துவிடச் சொன்னார். அங்கே இருந்த ஆப்பிரிக்கர்களும் அவமானமாக உணர்ந்தார்கள். கோல்ட் கோஸ்ட்டின் ஆங்கிலேய நிர்வாகம் அதைத் தடை செய்தது. 1957-இல் வெனிஸ் விழாவில் பரிசு கிடைத்தது உண்மைதான். ஆனால் பூசாரிகள் பெருமையோடு எடுக்கச் சொன்ன காட்சி, அவர்களைத் தெரியாத அரங்கில் ஓடும்போது, கறுப்பர் என்றால் இப்படித்தான் என்று முன்பே முடிவுகட்டி வந்தவருக்குச் சான்றாகிவிட்டது. அயோருவில் துணி கட்டியவரின் படம், இங்கே துணி கட்டிய இடம் மாறியதால் காயப்படுத்தியது. படம் ஒன்றுதான் என்றாலும் அதைப் பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகும் என்பதை ரூஷ் இதில் பட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் அந்தப் படத்தை யாருக்குக் காட்டலாம் என்பதில் கவனமாக இருந்தார்.

அடுத்த படத்தில் அவர் தம் குரலைக் குறைத்துக்கொண்டதை நான் தற்செயல் என்று கருதவில்லை. ‘நான், ஒரு கறுப்பன்’ 1957-இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில், திரெஷ்வீல் என்ற பேட்டையில் எடுக்கப்பட்டது. நைஜரிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்தார்கள். பேச்சை நேரடியாகப் பதிவு செய்ய வசதியில்லாததால், ஊமையாக எடுத்த காட்சிகளைக் கதாநாயகன் ஊமரூ கான்டாவுக்குப் போட்டுக் காட்டி, மைக்கின் முன் உட்காரவைத்து, தோன்றியதைப் பேசச் சொன்னார். பிரான்சுக்காக இந்தோசீனாவில் போரிட்டுவிட்டு வந்து, கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் கான்டா. படத்தில் அவர் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சன். கடைசிப் பகுதியில் காயல் கரையோரம் நடந்தபடி, எறிகுண்டு வீசியதையும் கூட நின்றவர்கள் செத்ததையும் உடம்பால் நடித்துக்காட்டுகிறார். விழுகிறார், உருள்கிறார், எழுகிறார். போர் மனத்தில் விட்டுப்போன புண்ணைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளைப் படித்தவர்களும் இந்தச் சில நிமிடங்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் கான்டாவுக்கு அந்தப் படம் போதவில்லை. ரூஷ் சொன்னதில் தன் கதை முழுமையாக இல்லை என்று கருதியவர், தாமே இயக்குநராகி, இந்தோசீனாவிலிருந்து திரும்பும் ஒரு சிப்பாயின் கதையை ‘கபாஸ்காபோ’ என்ற பெயரில் எடுத்தார்; அது 1969-இல் கான் விழாவில் காட்டப்பட்டது. 1972-இல், வகடூகு நகரில் நடக்கும் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவின் பெரும்பரிசான ‘யென்னெங்காவின் குதிரை’ முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றதும் கான்டாவின் படமே. ரூஷின் படத்தில் நடித்த சபி ஃபாயே என்ற செனகல் பெண்ணும் பின்னர் மானுடவியல் படித்து, தம் கிராமத்தைப் பற்றித் தாமே படமெடுத்தார். தன்னைப் பற்றி இன்னொருவர் எடுத்த படத்தைப் பார்த்து, இல்லை, அப்படி இல்லை என்று சொல்லிக் கேமராவைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வதைவிட நல்ல குணமாதல் எனக்குத் தெரியவில்லை. அதில் ரூஷுக்கு எவ்வளவு பங்கு, கான்டாவின் வீம்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது வீண் வேலை.

சேர்த்துக்கொள்ளுதல் பற்றி நேரடியாக அவர் செய்த சோதனை ‘மனிதப் பிரமிடு’. அபிஜானில் ஒரு மேல்நிலைப்பள்ளி. ஒரே வகுப்பில் வெள்ளை மாணவர்களும் கறுப்பு மாணவர்களும் படித்தார்கள், ஆனால் மணி அடித்ததும் தனித்தனியாகப் பிரிந்து போனார்கள். ரூஷ் இரண்டு குழுக்களையும் தனித்தனியே கூப்பிட்டு, ஒரு கதை நடிப்போம், உங்களில் சிலர் இனவெறி பிடித்தவர்களாக நடிக்க வேண்டியிருக்கும் என்று சொல்கிறார். அந்தப் பேச்சும் படத்திலேயே இருக்கிறது. நடிப்பு என்ற போர்வை இருந்ததால், வகுப்பறையில் சொல்லத் துணியாததை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சண்டை வந்தது, காதல் வந்தது, பொறாமை வந்தது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைப் பற்றி வாக்குவாதம் வந்தது. படம் வெற்றியா தோல்வியா என்பது பெரிதில்லை, கேமராவைச் சுற்றி நடந்ததுதான் பெரிது என்ற பொருளில் ரூஷ் இறுதியில் சொல்கிறார். எனக்கு இந்தப் படத்தில் குறைகள் தெரிகின்றன. இடையில் புகுத்திய நாடகம் சில இடங்களில் செயற்கையாக இருக்கிறது. இருந்தாலும் கல்லூரியில் பாடம் நடத்துபவர்களுக்கு இதில் ஒரு நடைமுறை உபாயம் இருக்கிறது. மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, உன் மனத்தில் சாதி இருக்கிறதா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சாதி பார்க்கும் ஒருவனாக நடி என்று சொல்லிப் பாருங்கள். வசனம் யாரும் எழுதித் தராமலே சரளமாக வரும்.

மனக்காயம் என்று வரும்போது எல்லோரும் குறிப்பிடும் படம், சமூகவியலாளர் எத்கார் மொரேனோடு சேர்ந்து 1960 கோடையில் பாரிஸில் அவர் எடுத்த ‘ஒரு கோடையின் வரலாறு’. அதில் மார்சலின் லோரிதான் என்ற இளம்பெண் வருகிறார். மானுட அருங்காட்சியகத்தின் மாடியில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில், மார்சலினின் கையில் பச்சை குத்தியிருக்கும் எண் என்னவென்று தெரியுமா என்று ஆப்பிரிக்க மாணவர்களிடம் ரூஷ் கேட்கிறார். அலங்காரமாக இருக்கலாம், தொலைபேசி எண்ணாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் யூதர், பதினைந்து வயதில் பிடித்துச் செல்லப்பட்டு நாஜி முகாமில் இருந்தவர், அது முகாமில் குத்திய எண் என்று தெரிந்ததும் மேசை அமைதியாகிவிடுகிறது. காலனியத்தின் காயத்தைச் சுமப்பவர் ஐரோப்பாவின் காயத்தை முதன்முதலாகப் பார்க்கும் நொடி அது.

அடுத்து, ஆகஸ்ட் மாதத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த கான்கார்ட் சதுக்கத்தில் மார்சலின் தனியாக நடக்கிறார். தோளில் ஒலிப்பதிவுக் கருவி, உடையில் சிறு மைக். முகாமிலிருந்து திரும்பாத தந்தையோடு, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வருகிறார். தான் திரும்பிவந்த நாளில் ரயில் நிலையத்தில் குடும்பத்தார் நின்ற காட்சியைச் சொல்கிறார். கேமரா ஒரு சிறிய சித்ரோயன் காருக்குள் இருக்கிறது. பிறகு, பாரிஸின் பழைய சந்தைக் கூடத்தின் இரும்புக் கூரைக்குள் அந்தக் கார் மெல்ல மெல்ல விலகிச் செல்ல, அவர் சிறுத்துப் புள்ளியாகிறார். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் சொன்னது என்னவென்று ரூஷுக்கே பின்னால்தான் தெரியும். கேட்பவரை அப்புறப்படுத்திவிட்டு, பேசுபவரிடம் கருவியைக் கொடுத்துவிட்டுப் போவதும் ஒரு மருத்துவ உபாயமாகிறது.

பங்கேற்றவர்களுக்கே படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்னதையும் படத்தில் சேர்த்தார்கள். அங்கே ஒருமித்த பாராட்டு வரவில்லை. மார்சலின் நடிக்கிறார் என்றார்கள். இத்தனை அந்தரங்கத்தைத் திறந்து காட்டுவது அநாகரிகம் என்றார்கள். ரூஷும் மொரேனும் அருங்காட்சியகத்தின் நீண்ட கூடத்தில் மேலும் கீழும் நடந்தபடி, நாம் நினைத்தது நடக்கவில்லையே என்று பேசிக்கொள்வதோடு படம் முடிகிறது. மார்சலின் அன்றே ஆறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். அவர் இயக்குநராகி, 2003-இல் அந்த முகாமுக்குத் திரும்பிப்போகும் ஒரு பெண்ணைப் பற்றிய கதைப்படத்தை எடுத்தார். எண்பது வயதைக் கடந்தபின், 2015-இல், தந்தைக்கு எழுதும் கடிதமாக ஒரு நூலை வெளியிட்டார். சதுக்கத்தில் தொடங்கிய பேச்சு முடிய ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆறு வாரப் பயிலரங்கின் முடிவில் குணமடைந்தோர் எண்ணிக்கையை அறிக்கையில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. செனகலின் பெரும் இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1965-இல் நேருக்கு நேராகவே ரூஷிடம், எங்களைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள் என்றார். ‘நான், ஒரு கறுப்பன்’ படத்தை மட்டும் அவர் மதித்தார். அதை ஓர் ஆப்பிரிக்கரே எடுத்திருக்கலாம் என்பது அவர் கருத்து. எனக்கு இது நியாயமான அளவுகோலாகத் தெரிகிறது. எவ்வளவு அன்பாக இருந்தாலும், கேமரா, பிலிம், வெட்டும் மேசை, பல்கலைக்கழகப் பதவி எல்லாம் ஒரே கையில் இருந்தால், அடுத்தவர் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று சொல்வதைவிட விருந்துக்கு அழைக்கப்படுகிறார் என்பதே சரி.

கல்வியாளராக இருப்பதால் என்ன பயன் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சம்பளம் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்ததால், படம் ஓடியே தீர வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லை. ‘ஜாகுவார்’ என்ற படத்தை 1954-இல் எடுக்கத் தொடங்கி 1967-இல்தான் வெளியிட்டார். ஒரே ஊருக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போக முடிந்தது. இதைவிடப் பெரிய பயன், தெரிந்ததைக் கைமாற்ற முடிந்தது. மொசாம்பிக் விடுதலை பெற்றபின், 1978-இல், அவரும் கூட்டாளிகளும் அங்கே போய்ச் சூப்பர் 8 என்ற சிறிய பிலிம் கேமராக்களை வைத்துப் பயிற்சி நடத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1981-இல் பாரிஸில் ‘வாரான்’ பயிலகம் உருவாகி, பல நாடுகளில் உள்ளூர் இளைஞர்களுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தது. மொசாம்பிக்கில் பழகியவர்கள் காலையில் எடுத்ததை நண்பகலில் கழுவி, பிற்பகலில் வெட்டி ஒட்டி, பொழுது சாய்ந்ததும் படத்தில் இருந்தவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள்.